பொதுக் காய்கறித் தோட்டத்தைக் கோடைக்குத் தயார் செய்வது எப்படி: மாசிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

கோவையில் எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட ஆறு சென்ட் இடத்தில் 24 குடும்பங்கள் சேர்ந்து காய்கறி போடுகிறோம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது, எல்லாம் நாங்களேதான். முதல் வருடம் தை மாதம் இருந்த உற்சாகத்தில் ஆறு சென்ட் முழுக்க விதைத்தோம், சித்திரை பிறக்கும்போது பாதிக்கு மேல் காய்ந்து நின்றது. பூச்சியோ நோயோ காரணமில்லை. பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அப்புறம் ஊரில் பூச்சாட்டு (மாரியம்மன் திருவிழா), அப்புறம் லீவு என்று ஒவ்வொருவராக நகர்ந்ததில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அடுத்த வருடம்தான் வேலைகளின் வரிசையையே மாற்றினோம். விதையை ஆறாவது இடத்துக்குத் தள்ளினோம், ஆட்களையும் தண்ணீரையும் முன்னால் கொண்டுவந்தோம். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எங்களைப் போல ஒரு கோடையை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, நாமக்கல் பக்கம் இருக்கிறவர்களுக்கு மாதக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கீழ்பவானி வாய்க்கால் பக்கம் இருக்கிறவர்கள் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஆட்களை எண்ணுங்கள் (தை கடைசி வாரம்)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் தோட்டத்துக்கே வரச்சொல்லி, ஒரு பெரிய சார்ட்டில் பிப்ரவரி 15 முதல் மே 31 வரை ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள். யார் எந்த நாளில் ஊரில் இருக்க மாட்டார்கள் என்பதை முதலில் அடித்துவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் முறையைப் பிரியுங்கள். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை மார்ச், ஏப்ரலில் விட்டுவிடுங்கள், அவர்கள் மே மாதம் எடுத்துக்கொள்வார்கள். எந்தெந்த ஊரில் எப்போது மாரியம்மன் நோம்பி என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் பங்குனி, சித்திரை முழுக்க ஏதாவது ஒரு ஊரில் பூச்சாட்டு இருந்துகொண்டே இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் "யார் ஃப்ரீயோ அவங்க தண்ணி விட்டுருங்க" என்று போட்டால் யாரும் விட மாட்டார்கள், அடுத்தவர் விட்டிருப்பார் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர், கூடவே அவர் வரமுடியாவிட்டால் வர இன்னொரு பெயர், இரண்டும் வேண்டும். சார்ட்டில் பெயர் இல்லாத நாட்கள் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் விதைக்கும் பரப்பைக் குறைத்துவிடுங்கள்.

2. காகிதங்கள்

இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிப்போடாதீர்கள், செடி காய்க்கும் நேரத்தில் யாராவது வந்து "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று நின்றால் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும்.

உங்கள் இடம் லேஅவுட்டின் ரிசர்வ் சைட்டாக (பொதுப் பயனுக்கென்று ஒதுக்கிய இடமாக) இருந்தால் அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருக்கும் இடம். பயன்படுத்த எழுத்துமூலமான அனுமதி தேவை. கவுன்சிலர் வாயால் சொன்னது போதாது, எங்களுக்கு அப்படி ஒருமுறை சொல்லப்பட்டு, பிறகு இடத்தைக் காலி செய்யச்சொல்லி ஆள் வந்து நின்றபோது காட்ட ஒன்றுமில்லாமல் ஒரு மாதம் அலைந்தோம். விண்ணப்பத்தோடு இவை இருக்கட்டும்: லேஅவுட் அனுமதி வரைபடத்தின் நகல், இடத்தின் சர்வே எண், பரப்பு, சங்கப் பதிவுச் சான்று நகல், பொறுப்பாளர்கள் இரண்டு பேரின் அடையாள அட்டை நகல், இடத்தின் இப்போதைய புகைப்படம் இரண்டு. கட்டடம் எதுவும் எழுப்ப மாட்டோம், இடம் எல்லோருக்கும் திறந்திருக்கும், கேட்கும்போது ஒப்படைப்போம் என்று மூன்று வரி கட்டாயம் எழுதுங்கள். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு பெறப்பட்ட முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அனுமதிக்கு முடிவு தேதி இருந்தால் அதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க எழுதிவிடுங்கள். மார்ச் கடைசியில் போனால் எல்லா அலுவலகத்திலும் வருடக் கணக்கு முடிக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் தாள் அடியில் போய்விடும்.

சங்கம் இன்னும் பதியவில்லை என்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம், குறைந்தது ஏழு பேர் வேண்டும். குடியிருப்போர் சங்கம் ஏற்கெனவே இருந்தால் தனியாகப் பதிய வேண்டாம், அதில் ஒரு தோட்டக் குழு என்று தீர்மானம் எழுதினால் போதும்.

தனியார் காலி மனை என்றால் உரிமையாளரிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். வாடகை இல்லை, குத்தகை இல்லை, எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர் மனம் நிம்மதியாகும். எங்கள் பக்கத்து வீதியில் ஒரு நல்ல இடம் இந்த ஒரு பயத்தாலேயே கைவிட்டுப் போனது.

3. தண்ணீரை அளந்து பாருங்கள் (மாசி முதல் வாரம்)

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் முன்பு காடு (விவசாய நிலம்) வைத்திருந்த ஒரு பாட்டியம்மா இருக்கிறார். முதல் வருடம் காய்ந்துகிடந்த வெண்டையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தண்ணிய எண்ணிப்போட்டுத்தான் கண்ணு வெதையப் போடோணும்."

எண்ணுவது எளிது. கோடையில் ஒரு சென்ட் காய்கறிக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சென்ட் போட்டால் 600 லிட்டர். உங்கள் பைப்பில் 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 50 விநாடி ஆனால் 600 லிட்டருக்கு 25 நிமிடம். வேலைக்குப் போகிற ஒருவர் காலையில் அரைமணி நேரம் நிற்பார், ஒன்றரை மணி நேரம் நிற்க மாட்டார். இந்தக் கணக்கு வைத்துத்தான் நாங்கள் கோடையில் மூன்று சென்ட் போதும் என்று முடிவு செய்தோம். மிச்ச மூன்று சென்ட்டை மூடாக்குப் போட்டு (சருகு, தழையால் மண்ணை மூடி) ஆடி வரைக்கும் அப்படியே விட்டுவிட்டோம், அதில் வருத்தமே இல்லை.

குடிதண்ணீர் இணைப்பிலிருந்து எடுக்காதீர்கள். சிறுவாணியும் பில்லூரும் குடிக்க வருவது, கோடையில் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீதியே சண்டைக்கு வரும், அது நியாயமும்தான். போர் தண்ணீர் என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு முறை அலசி, அரை லிட்டர் பிடித்து, அடுத்து சொல்லும் மண் மாதிரியோடு சேர்த்துக் கொடுக்கலாம். நம் பக்கத்துப் போர்களில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம் இருப்பது சகஜம், பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்தாலே தெரியும்.

சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தால் இந்த வாரம்தான் அதைக் கழுவ வேண்டும். ஃபில்டரைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேயுங்கள், ஒவ்வொரு பக்கக் குழாயின் கடைசி மூடியையும் திறந்து தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள், அடைத்த டிரிப்பர்களைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள். பெரிய தோட்டங்களில் குழாய்க்குள் ஆசிட் விடுவார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அது வேண்டாம்.

4. மண்: முதலில் மாதிரி, பிறகுதான் குப்பை

வரிசையைக் கவனியுங்கள். குப்பை (மாட்டு எரு) கொட்டிய பிறகு மாதிரி எடுத்தால் முடிவு தப்பாக வரும். காய்ந்த இலை தழையை ஒதுக்கிவிட்டு, மம்முட்டியால் ஆங்கில ‘வி’ வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். தோட்டத்தில் ஏழெட்டு இடத்தில் இப்படி எடுத்துக் கலக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். மரத்தடி, வரப்போரம், பழைய எருக்குழி இருந்த இடம், இந்த மூன்றிலும் எடுக்காதீர்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், இடம், போடப்போகும் பயிர் எழுதிக் கொடுக்கலாம். அரசு மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன, கோவைக்காரர்களுக்கு லாலி ரோடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. செலவு பெரிதல்ல, நாள்தான் ஆகும், எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் மாசி முதல் வாரத்திலேயே கொடுக்கச் சொல்கிறேன்.

களையைப் பொறுத்தவரை இரண்டுக்குத்தான் பயப்பட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள், தோல் அலர்ஜி, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைக் கிட்டே விடாதீர்கள். கோரையை மேலாக அரிந்தால் பத்து நாளில் திரும்ப நிற்கும், கிழங்கோடு தோண்டி எடுத்து வெளியே வெயிலில் கொட்ட வேண்டும். இதற்கு மட்டும் கூலி ஆள் இரண்டு பேர் வைத்தோம், காசு வீணாகவில்லை. பழைய மூடாக்கு, செங்கல், சருகுக் குவியல் எதையும் வெறுங்கையால் தூக்காதீர்கள், குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான். வெயில் ஏற ஏறப் பாம்பு குளிர்ச்சியான இடத்தைத் தேடி வரும்.

இனி குப்பை. நம் பக்கம் மாட்டு எருவைக் குப்பை என்றுதான் சொல்வோம், நகரத்தில் பிறந்த பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். சென்ட்டுக்கு நூறு கிலோ நன்றாக மக்கிய குப்பை, ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு, இது போதும். வாங்கும்போது மூன்று இடத்தில் ஏமாறலாம்.

மக்காத சாணம். கையில் எடுத்துப் பிசைந்தால் உதிர வேண்டும், சாண வாடை அடிக்கக்கூடாது. பச்சைச் சாணத்தோடு வெள்ளைப் புழுவும் களை விதையும் இலவசமாக வரும்.

கோழி எரு. நாமக்கல் பண்ணைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று நேரடியாகப் போட்டால் சூட்டில் வேர் கருகும். குப்பையோடு கலந்து மாதக்கணக்கில் மக்கவைத்த பிறகுதான்.

தென்னை நார்க்கழிவு. இதில்தான் நாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டோம். தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று ஒருவர் விற்ற புது நார்க்கழிவை அப்படியே பாத்தியில் கலந்தோம், முளைத்த கத்தரி, மிளகாய் நாற்றெல்லாம் ஓரம் கருகி நின்றுவிட்டன. புது நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். மக்கவைத்ததாக இருக்க வேண்டும், அல்லது பல தண்ணீரில் அலசிப் பிழிந்ததாக இருக்க வேண்டும். விற்பவர் "கழுவினதுதான்" என்று சொன்னால், ஒரு கைப்பிடி வாங்கிவந்து தண்ணீரில் போடுங்கள், தண்ணீர் கருஞ்சிவப்பாக இறங்கினால் வாங்காதீர்கள்.

சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் இன்னொன்றும் பார்ப்பீர்கள்: இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. மேலும் மேலும் குப்பை கொட்டி உடனே சரியாகாது. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள்.

5. பாத்தி

வீடியோக்களைப் பார்த்து மண்ணை மேடாக்கி, பலகை அடித்து அழகாகச் செய்ய ஆசை வரும். நம் கோடைக்கு அது ஒத்துவராது, நாலு பக்கமும் காற்றுப்பட்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு மேட்டுப்பாத்தி நல்லது. கோடைக்குச் சுற்றி வரப்புக் கட்டிய சாதாரணப் பாத்தி, பள்ளமாக, நாலடி அகலத்தில் இருக்கட்டும், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், பெரியவர்களும் உள்ளே இறங்காமல் களை எடுப்பார்கள்.

6. விதை வாங்கும்போது

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பரிசோதித்த தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லுபடியாகும். மாசியில் கடையில் தொங்குவது போன ஆடிக்கு வந்த சரக்காக இருக்கலாம். பில் கேட்டு வாங்கி, பில்லையும் காலிப் பாக்கெட்டையும் சேர்த்து வையுங்கள், முளைக்கவில்லை என்றால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அந்த லாட் எண் தேவைப்படும். எப்படியானாலும் விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து ஐந்து நாள் பாருங்கள். வெண்டையில் ஏழு முளைத்தால் தாராளமாகப் போடலாம். நாட்டு விதையை நண்பர்களிடமிருந்து வாங்கினாலும் இதே சோதனைதான்.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி). உங்களிடம் இருப்பது ஐம்பது கிராம் விதைதான் என்றால் ஒரு சிட்டிகை.

7. எதைப் போடுவது, எப்போது

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை, அதாவது மாசி பாதி தாண்டியதிலிருந்து பங்குனி பிறப்பதற்குள். கோனியம்மன் தேர் வரும் வாரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு நாங்கள் விதைக்கிறோம்.

வெண்டை, பொரியல் தட்டை (காராமணி), கொத்தவரை, சிறுகீரை, தண்டங்கீரை: புதியவர்கள் இந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30, சென்ட்டுக்கு 40 கிராம் விதை, 45 நாளில் காய். கீரையை ஒரே நாளில் தூவிவிடாதீர்கள், பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தி என்று போட்டால்தான் 24 வீட்டுக்கும் முறை வைத்துக் கொடுக்க முடியும்.

பீர்க்கு, பாகல், அரசாணி (பரங்கி) போட இடமும் பந்தலும் இருந்தால் போடலாம். ஆனால் இவை இன்னும் முன்னதாக, தையிலேயே போட்டிருக்க வேண்டியவை. வெயில் ஏறினால் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். பிஞ்சு நிற்கவில்லை என்றால் காலை எட்டு மணிக்குள் (பீர்க்குக்கு மட்டும் சாயங்காலம் பூ விரிந்ததும்) ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிடுங்கள், பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். பந்தல் காலை ஆழமாக நடுங்கள், வைகாசி தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது.

அவரையை இப்போது போடாதீர்கள், அதற்கு ஆடி இருக்கிறது.

8. விதைத்த முதல் மூன்று வாரம்

மயில்தான் பெரிய சோதனை. கோவையைச் சுற்றி இப்போது மயில் வராத தோட்டம் அபூர்வம். விதையைக் கிளறும், முளையைக் கொத்தும். மயிலைப் பிடிப்பதோ, காயப்படுத்துவதோ, மருந்து வைப்பதோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடும் குற்றம், யாராவது அப்படிப் பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாத்திக்கு மேல் ஓரடி உயரத்தில் வளைகுச்சி நட்டு வலையைக் கட்டி, நான்கு ஓரமும் செங்கல் வையுங்கள். அதற்கே 50 சதவீத பச்சை நிழல்வலையைப் பயன்படுத்தினால் முளைக்கு வெயிலும் குறையும். செடி நாலு இலை விட்டதும் நிழல்வலையைச் சாயங்காலம் பார்த்து எடுங்கள், மதியம் எடுத்தால் வாடிப்போகும்.

முளை ஒரு சாண் வளர்ந்தபின் மூடாக்கு. சோளத்தட்டு, கரும்புச் சோகை, தென்னை ஓலையை நறுக்கியது, எது கிடைத்தாலும் மூன்று விரல் கனத்துக்கு, தண்டை ஒட்டாமல் போடுங்கள். மூடாக்குப் போட்ட பாத்திக்கு எங்களால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட முடிந்தது, தண்ணீர் முறையில் ஆள் தவறும்போது செடியைக் காப்பாற்றியது இதுதான்.

9. பூச்சி, நோய்

வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாக வலைபோல் ஓடினால் அது மஞ்சள் நரம்புத் தேமல். மருந்து கிடையாது, வெள்ளை ஈ பரப்புகிறது. பாவம் பார்க்காமல் அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நாங்கள் ஆறு செடியை "காய்க்குதே" என்று விட்டுவைத்து, இரண்டு பாத்தி போனது.

மற்றவற்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: அரைக் கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கும் சிலந்திக்கும் முதலில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி குறையும். வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யம், 10 லிட்டருக்கு 300 மில்லி, வடிகட்டி. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய முறை நம் ஊர்களில் பலருக்குத் தெரியும், செய்யத் தெரிந்தவர் கையால் வாங்குங்கள், புழு வைத்ததை வாங்காதீர்கள்.

பூச்சிமருந்துக் கடை மருந்து எதையும் தனி ஆளாக யாரும் அடிக்கக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள். நாளைக்கு அந்தக் கீரையைப் பறித்துக்கொண்டு போகிறவர் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரராக இருப்பார்.

10. செலவு

எங்களுக்குப் போன கோடைக்கு ஆனது: குப்பை ஒரு டிராக்டர் லோடு 4,500, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ 500, விதை 620, நிழல்வலை 1,800, பைப், வால்வு சாமான் 2,300, கூலி ஆள் இரண்டு பேருக்கு 1,600. மொத்தம் 11,320 ரூபாய். வீட்டுக்கு 500 வாங்கியிருந்தோம், பரிசோதனையும் ஜெராக்ஸும் போகக் கொஞ்சம் மிஞ்சியது. நிழல்வலை நாலைந்து வருடம் வரும், குப்பை மிச்சம் ஆடிக்கு ஆகும், அதனால் அடுத்த கோடைக்கு இவ்வளவு வராது. பணம் கொடுக்க முடியாத வீட்டை விட்டுவிடாதீர்கள், அவர்கள் இரண்டு தண்ணீர் முறை கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு நீளமான நோட்டில் செலவையும் அறுவடையையும் எழுதி, தோட்டத்திலேயே தகரப் பெட்டியில் வையுங்கள். போனில் வைத்திருந்தால் ஒருவருக்குத்தான் தெரியும். காயைப் பிரிப்பதில் எங்கள் முறை: அன்றைக்குத் தண்ணீர் விட்டவர் முதலில் எடுப்பார், மிச்சம் சார்ட் வரிசைப்படி, நாலு காயாக இருந்தாலும் அதே வரிசைதான்.

11. மே மாதம்

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை இருக்கும். இந்த நாட்களில் புதிதாக எதையும் நடாதீர்கள். தண்ணீர் காலை ஏழு மணிக்குள், முடியாவிட்டால் ஆறு மணிக்கு மேல். கோடை மழை ஒன்றிரண்டு பெய்தவுடன் தண்ணீர் முறையை ரத்து செய்துவிடத் தோன்றும், மூன்று விரல் ஆழம் மண்ணைக் கிளறிப் பார்த்து ஈரம் இருந்தால் மட்டும் ஒரு முறை தள்ளுங்கள். நல்ல செடிகளாகப் பார்த்து வெண்டையிலும் தட்டையிலும் வரிசைக்கு இரண்டை நூல் கட்டி விதைக்கு விடுங்கள், அந்தக் காயைப் பறித்துவிட வேண்டாம் என்று சார்ட்டிலும் எழுதுங்கள். நன்றாகக் காய்ந்ததும் உரித்து, சாம்பலில் புரட்டி, பாட்டிலில் தேதியோடு எழுதி மூடினால் ஆடிப் பட்டத்துக்குக் கடைக்குப் போகாமலே விதை கையில் இருக்கும்.